கலைக்கூடத்திற்கு எத்தனை வாசல்?

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. தில்லிக் குளிருக்கு அஞ்சி விடுதியே போர்வைக்குள் கிடந்தது. புதிதாக வந்து சேர்ந்திருந்த தம்பி ஒருவனை எழுப்பித் தேசிய அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். கும்பகோணத்திற்கு அருகே ஒரு சிற்றூரில், கோயில்களுக்கு இடையே வளர்ந்த பிள்ளை அவன்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருந்த கூடத்தில் ஒரு சிலையின் முன் நின்றவன் நகரவே இல்லை. பாம்பின் படத்தின்மேல் ஒரு பாதம். தூக்கிய மற்றொரு பாதம். நீட்டிய கையில் பாம்பின் வால். ஆடுகின்ற சிறுவன் கண்ணன்.

"அண்ணா, இது நம்ம ஊர்க் காளிங்க நர்த்தனம்!" என்றான். அவன் குரலைக் கேட்டுக் காவலர் திரும்பிப் பார்த்தார்.

அன்று இரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. இதுபோன்ற சிலைகள் வெளிநாடுகளிலும் உண்டா என்று அறிய விரும்பினான். கடல்கடந்த பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் இணையப் பக்கத்தைத் திறந்தோம். மேலே ஒரு வெற்றுப் பெட்டி. அதில் தமிழில் 'காளிங்க நர்த்தனம்' என்று எழுதினான். எதுவும் இல்லை என்று விடை வந்தது. பின்பு ஆங்கில எழுத்தில் 'காளிங்க' என்று எழுதினான். ஒடிசாவின் பழம்பெயராகிய கலிங்கத்தைச் சார்ந்த பொருள்கள் சில வந்து நின்றன! நான் சற்று யோசித்து, 'காளிய' என்று வடமொழி வடிவில் எழுதினேன். உடனே கண்ணன் வந்தான்.

தம்பி சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிந்த பெயர் அவர்களுக்குத் தெரியவில்லையே, அண்ணா" என்றான்.

அறிவியல் மாணவனாகிய என்னை அந்தச் சொல் விடவில்லை. இணையத்தில் கலைப் பொருள்களைத் தேடிக் காணும் கருவிகள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன, அவற்றில் யாருக்கு வாசல் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதை நம் சங்க நண்பர்களுக்கு விளக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

கூடத்தில் சில, கிடங்கில் பல

பெரிய அருங்காட்சியகம் எதுவும் தன்னிடம் உள்ள அனைத்தையும் மக்கள்முன் வைப்பதில்லை. வைக்க இடம் போதாது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து நவீனக் கலைக்கூடம் 2017ஆம் ஆண்டில் தன் நிலையைத் தானே கணக்கிட்டுச் சொல்லிற்று. அதனிடம் இருந்தவை 34,678 படைப்புகள். ஒரு நேரத்தில் காட்சிக்கு வைக்க முடிந்தவை ஏறக்குறைய 5 விழுக்காடு. அனைத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துச் செல்வதென்றால் 121 மைல் நடக்கவேண்டுமாம்! தில்லியிலிருந்து ஆக்ராவுக்கு நடந்து போவது போன்றது அது.

இணையம் வந்த பின் கிடங்குகளின் கதவு திறந்தது. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களின் படைப்புகளை ஒரே இடத்தில் காட்டத் தொடங்கியது. மறு ஆண்டில் அந்த எண்ணிக்கை 40 நாடுகளின் 151 கூடங்களாக உயர்ந்தது. நம் தில்லியின் தேசிய அருங்காட்சியகமும் தேசிய நவீனக் கலைக்கூடமும் அவற்றுள் சேர்ந்தன. 2012இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகம் 1,25,000 படைப்புகளின் தெளிவான படங்களை இலவசமாக வெளியிட்டது. 2017இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 3,75,000 படங்களை, எவரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லி உலகுக்கு அளித்தது.

நல்ல செய்திதான். ஆயினும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படத்திற்குப் பத்து நொடி. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம். அந்த 3,75,000 படங்களையும் பார்த்து முடிக்க 130 நாட்கள் ஆகும்! பரீட்சை எழுதவேண்டிய நமக்கு அது இயலுமா? ஆகவே படங்களைக் கொண்டுவந்து குவித்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. குவியலுக்குள் போகவும் வரவும் வழி அமைக்கவேண்டும்.

புடைவைக் கடை கற்பிக்கும் பாடம்

வெற்றுத் தேடற்பெட்டி நியாயவிலைக் கடையின் சாளரம் போன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. வேண்டியதன் பெயரைச் சொன்னால் அது வரும். அல்லது "இல்லை" என்ற சொல் வரும். பெயர் தெரிந்தவருக்கு இதுவே சுருக்கமான வழி. ஆராய்ச்சியாளர் ஒருவர் குறிப்பிட்ட ஓவியத்தைத் தேடி வருவாராயின் அவருக்கு வேறு எதுவும் வேண்டா.

ஆனால் கலையை நாடி வருபவர்களுள் பலர் அப்படி வருவதில்லை. காஞ்சிபுரத்துப் புடைவைக் கடைக்குப் போகும் நம் அன்னையரை நினைத்துப் பாருங்கள். "என்ன பெயருள்ள புடைவை வேண்டும்?" என்றா கடைக்காரர் கேட்கிறார்? முதலில் பாயில் அமர்த்துகிறார். பத்துப் புடைவைகளை விரித்துப் போடுகிறார். வாங்க வந்தவரின் கண் எங்கே நிற்கிறது என்று கவனிக்கிறார். பிறகு, "அரக்கு வேண்டுமா? சிறு கரையா? இந்த நிறத்தில் இன்னும் நான்கு இருக்கின்றன, அம்மா" என்கிறார். எதைத் தேடி வந்தோம் என்பதை அம்மா அங்கேதான் கண்டுகொள்கிறார்.

நல்ல கலைக் கருவியும் இப்படித்தான் இருக்கவேண்டும். முதலில் தாராளமாகக் காட்டவேண்டும், பிறகுதான் கேட்கவேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் மிட்செல் வைட்லா 2015இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய அமைப்புகளுக்குத் 'தாராளம்' என்னும் பொருள்படவே பெயர் வைத்தார். ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012இல் செய்ததும் இதுவே. எழுத்தைக் குறைத்துப் படத்தைப் பெரிதாக்கியது. பிடித்த படத்தை எடுத்துத் தனக்கென ஒரு தொகுப்பில் சேர்க்கவும், ஓவியத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளவும் எவருக்கும் இடம் கொடுத்தது.

சான் பிரான்சிஸ்கோ கூடம் 2017இல் மேலும் எளிய வழி ஒன்றைக் கண்டது. கைப்பேசியிலிருந்து "எனக்குக் கடலை அனுப்பு" என்று குறுஞ்செய்தி விடுத்தால் கடல் தீட்டிய படைப்பு ஒன்று திரும்பி வரும். நிறத்தின் பெயரைச் சொன்னாலும் வரும். ஓவியன் பெயரும் ஆண்டும் அறியாதவரும் அதனால் கிடங்குக்குள் இருந்த படைப்புகளைக் கண்டனர்.

சீர்காழியார் காட்டிய முறை

கடைக்காரர் "நிறம் என்ன, கரை என்ன, விலை என்ன" என்று கேட்கிறாரே, அந்த முறைக்குப் பின்னால் ஆழ்ந்த அறிவியல் கொள்கை ஒன்று உண்டு. அதை உலகுக்குத் தந்தவர் ஒரு தமிழர் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி.

சீர்காழியில் 1892இல் பிறந்த சி. இரா. அரங்கநாதன் கணிதம் பயின்றவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, கடை ஒன்றில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். அதே சில தகடுகளையும் திருகுகளையும் கொண்டு விதவிதமான பொம்மைகளைச் செய்துகாட்டினார்கள். அறிவுத்துறைகளையும் இப்படியே சில அடிப்படைக் கூறுகளைச் சேர்த்துச் சேர்த்துக் குறிக்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. 1933இல் அவருடைய கோலன் பகுப்புமுறை நூலாக வந்தது. 1947க்குப் பின் சில ஆண்டுகள் நாம் படிக்கும் இந்தத் தில்லிப் பல்கலைக்கழகத்திலேயே அவர் நூலகவியல் கற்பித்தார்.

அவருக்கு முன்னிருந்த முறைகளில் ஒரு நூலுக்கு ஒரே இடம்தான்; மரத்தின் கிளையில் தொங்கும் இலையைப் போல. அரங்கநாதனோ பொருளைப் பல முகங்களை உடையதாகக் கண்டார். ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படை முகங்களை வகுத்தார்.

இதைக் காளிங்க நர்த்தனத்திற்குப் பொருத்திப் பாருங்கள். உருவம், கண்ணன், பொருள், செம்புக் கலவை, செய்முறை, மெழுகு அச்சு வார்ப்பு, இடம், சோழநாடு, காலம், சோழர் காலம். ஒருவர் 'சோழநாடு' என்னும் வாசல் வழியே வரலாம். மற்றொருவர் 'பாம்பு' வழியே வரலாம். வேறொருவர் 'நடனம்' வழியே வரலாம். அனைவரும் ஒரே சிலையின்முன் வந்து சேர்வர்.

இம்முறை கலைத் தேடலில் பயன்தருமா என்பதை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். 35,000 கலைப் படங்களைக் கொண்டு, முகங்கள் வழியாகத் தேடும் கருவி ஒன்றை அமைத்தனர். கலை வரலாறு பயிலும் மாணவர் 32 பேரிடம் அதையும் வழக்கமான தேடற்பெட்டியையும் கொடுத்தனர். 90 விழுக்காட்டினர் புதிய கருவியையே விரும்பினர். தொகுப்பைப் பற்றி மேலும் அறிய அது உதவியது என்று 97 விழுக்காட்டினர் கூறினர். அதன் ஒரு நுட்பத்தை மட்டும் குறிப்பிடுவேன். ஒவ்வொரு முகத்தின் பக்கத்திலும் அதில் எத்தனை படங்கள் உள்ளன என்ற எண்ணை முன்கூட்டியே காட்டினார்கள். "இந்த நிறத்தில் இன்னும் நான்கு" என்று கடைக்காரர் சொல்வது போல. ஆகவே தேடுபவர் ஒன்றுமில்லாத முட்டுச்சந்தில் போய் நிற்க நேரவில்லை.

இன்று நாம் இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று தட்டித் தட்டிப் பொருளைச் சுருக்கிக்கொண்டே போகிறோமே, அதற்கும் அடிப்படை இக்கொள்கைதான்.

பெயர் சூட்டுவது யார்?

முகங்களை அமைத்துவிட்டால் போதுமா? போதாது. ஒவ்வொரு முகத்திலும் எழுதவேண்டிய சொற்களை ஒருவர் எழுதவேண்டும். அவர் எந்த உலகில் நின்று எழுதுகிறார் என்பதில்தான் நம் தம்பியின் துயரம் அடங்கியிருக்கிறது.

ஓவியங்களின் பொருளை எண்களால் குறிக்க நெதர்லாந்தில் லெய்டன் நகரப் பேராசிரியர் ஹென்றி வான் டி வால் ஒரு பட்டியலை உருவாக்கினார். ஐகான்கிளாஸ் என்பது அதன் பெயர். மேலை நாட்டு அருங்காட்சியகங்கள் பல அதைக் கையாளுகின்றன. மிகுந்த உழைப்பின் பயன் அது; ஐயமில்லை. அதில் 0 முதல் 9 வரை பத்துப் பெரும் பிரிவுகள். 7ஆம் பிரிவு முழுவதும் விவிலியத்திற்கு. 9ஆம் பிரிவு முழுவதும் கிரேக்க, உரோமப் புராணங்களுக்கும் பண்டை வரலாற்றுக்கும். நம் கண்ணனும் சிவனும் புத்தரும் எங்கே? 1ஆம் பிரிவின் உள்ளே, 'கிறித்தவமல்லாத சமயங்கள்' என்ற 12ஆம் எண்ணின் கீழே!

இதில் அவர்மீது குறைகூற ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஓவியங்களை ஒழுங்குபடுத்தவே அவர் அதைச் செய்தார். அவர் வீட்டில் பெரிதாக இருந்தவற்றிற்குப் பெரிய அறை ஒதுக்கினார். ஆனால் அந்த வீட்டின் அமைப்பையே உலகத்தின் அமைப்பு என்று நாம் எடுத்துக்கொண்டால், நம் வீட்டுப் பொருள்கள் என்றும் மூலையறையில்தான் கிடக்கும்.

பெயர்களிலும் இதுவே நிலை. 'ஆடவல்லான்' என்று சோழர் கல்வெட்டுகள் அழைத்தவரை நடராசர் என்கிறோம். நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலத் திருமேனிக்கு 'ஆடலின் தலைவனாகிய சிவன்' என்னும் பொருளில் ஆங்கிலத் தலைப்பும், உடன் நடராசர் என்ற பெயரும் இட்டிருக்கிறார்கள். அது தவறன்று. ஆனால் 'ஆடவல்லான்' என்று தேடி வருபவருக்கும் வழி இருக்கவேண்டாமா? ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்று கருவியை அமைத்தால், அந்தப் பெயரை அறியாதவர் எல்லாம் அறியாதவர் ஆகிவிடுவர்.

பெயரின்றிக் காணும் பொறி

இங்கே கணினி அறிவியல் அண்மையில் தந்துள்ள உதவி ஒன்றைச் சொல்லவேண்டும்.

கணினிக்குப் படம் என்பது எண்களின் கூட்டம். கோடிக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய பொறி, ஒவ்வொரு படத்தையும் சில நூறு எண்களைக் கொண்ட ஒரு வரிசையாகச் சுருக்கிவிடுகிறது. அந்த எண்வரிசையை ஒரு பெரிய வெளியில் உள்ள ஒரு புள்ளி என்று கொள்ளலாம். ஒத்த படங்களின் புள்ளிகள் அருகருகே அமையும். ஆகவே ஒரு சிலையின் படத்தைக் கொடுத்து, "இதைப் போன்றவற்றைக் காட்டு" என்றால் அண்டையில் உள்ள புள்ளிகளைப் பொறி எடுத்துத் தரும். 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் 40 கோடிப் படங்களையும் அவற்றின் அருகே இருந்த சொற்களையும் சேர்த்துப் பழக்கிய 'கிளிப்' என்னும் பொறியை வெளியிட்டது. அதில் படமும் சொல்லும் ஒரே வெளியில் இடம்பெறுகின்றன. 'பாம்பின்மேல் ஆடும் சிறுவன்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், அப்படி ஒரு குறிப்பை எவரும் எழுதி வைத்திராவிட்டாலும், பொருத்தமான படத்தை அது தேடிக் கொணரும்.

என் முதுகலைத் திட்டப்பணிக்காக நானும் ஒரு சிறு கருவி செய்து பார்த்தேன். நியூயார்க் அருங்காட்சியகம் வெளியிட்ட படங்களுள் நம் நாட்டுச் செப்புச் சிலைகளை எடுத்துக்கொண்டேன். "ஒத்தவற்றைக் காட்டு" என்றபோது முதலில் வந்த விடைகள் என்னைத் திகைக்கவைத்தன. சிவனுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கெண்டி! காரணத்தை ஆராய்ந்தேன். இரண்டையும் ஒரே கருநிறத் திரையின் முன் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். பொறி சிலையைப் பார்க்கவில்லை; திரையைப் பார்த்திருக்கிறது. பின்னணியை நீக்கிய பிறகே அண்டை அயலார் ஒழுங்காக வந்தனர்.

மற்றொரு பாடமும் கற்றேன். திரையில் எல்லாப் படங்களும் ஒரே அளவாகத் தெரிந்தன. உள்ளங்கையில் அடங்கும் பூசைச் சிலையும் ஆளுயரத் திருமேனியும் சரிநிகராக நின்றன. பார்த்த நண்பர் ஒருவர் ஏமாந்தார். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மனித உருவத்தின் நிழலை வரைந்து அளவைக் காட்டினேன். மிகச் சிறிய வேலைதான்; ஆனால் எல்லாரும் முதலில் பாராட்டியது அதைத்தான்.

பொறி நமக்கு ஓர் ஆள் அகலத்திற்குக் கதவைத் திறந்துவிடும். ஆனால் அது கற்ற சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள். தமிழில் நாம் எழுதி வைக்காததை அது எங்கிருந்து கற்கும்?

ஸ்ரீபுரந்தான் நடராசர்

இவையெல்லாம் பொழுதுபோக்குக்கான வசதிகள் என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் என்னும் ஊரின் பிரகதீசுவரர் கோயிலிலிருந்து சோழர் கால நடராசர் திருமேனி திருடுபோயிற்று. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வணிகர் ஒருவரிடமிருந்து ஐம்பது இலட்சம் டாலருக்கு அதை வாங்கியது. வாங்கியபோது அதற்குப் பொய்யான வரலாறு ஒன்று காட்டப்பட்டிருந்தது.

உண்மை எப்படி வெளிவந்தது? 1955இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்து வைத்திருந்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவை. அவற்றுள் ஸ்ரீபுரந்தான் நடராசரும் இருந்தார். அந்தப் பழைய படத்தையும் கலைக்கூடத்துச் சிலையின் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்து திருமேனியை நம் நாட்டிடம் ஒப்படைத்தார்.

இங்கே நான் சொல்ல விரும்புவது ஒன்றே. கலைக்கூடம் படத்தை மறைத்து வைத்திருந்தால் எவரும் ஒப்பிட்டிருக்க முடியாது. புதுச்சேரியில் படம் இருப்பதை அறிந்து தேடும் கண்கள் இல்லாதிருந்தாலும் முடிந்திராது. இரண்டு தொகுப்புகளும் வெவ்வேறு மூலைகளில், வெவ்வேறு பெயர்களில் கிடந்தன. நடுவே பாலமாக நின்றவர்கள் சில பொறுமையுள்ள மனிதர்கள். எல்லாச் சிலைகளுக்கும் அப்படிப்பட்ட மனிதர்கள் வாய்ப்பார்களா? உருவத்தைக் கொண்டே தேடவும், ஊர்ப்பெயரைக் கொண்டே தேடவும் வாசல்கள் இருக்குமானால், தன் ஊர்ச் சாமியைக் கண்டதும் அடையாளம் சொல்லக்கூடிய ஓர் அர்ச்சகரோ, ஒரு பாட்டியோ கூட அந்தப் பாலம் ஆகலாம்.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, இதில் நமக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். உண்டு.

2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு என்னும் பொது ஏட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. எண் ஒன்று; அதனோடு இணைக்கும் பெயர்களோ எத்தனை மொழியிலும் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். காளியமர்த்தனன் என்பாரும் காளிங்க நர்த்தனம் என்பாரும் அங்கே ஒரே எண்ணிடம் வந்து சேர்வர். எந்தப் படைப்பில் எது சித்திரிக்கப்பட்டுள்ளது என்பதையும் அதில் குறிக்கலாம். நியூயார்க் அருங்காட்சியகம் முதலியவை தம் படைப்புகளின் விவரங்களை அதனோடு இணைத்து வருகின்றன. அதில் எழுத எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருக்கவேண்டும், எழுதுவது சரியா என்று சரிபார்க்கும் நேர்மை வேண்டும். அவ்வளவே.

நம்மில் தஞ்சைக்காரர் உண்டு, நெல்லைக்காரர் உண்டு, கொங்கு நாட்டார் உண்டு. இலக்கியம் பயில்வோர் உண்டு. வரலாறு பயில்வோர் உண்டு. என்னைப் போல் கணினியோடு மல்லுக்கட்டுவோரும் உண்டு. வாரத்தில் ஒரு மாலை சங்க அறையில் கூடி, ஆளுக்கு நான்கு சிலைகளுக்குத் தமிழ்ப் பெயரும் நம் ஊர் வழக்கும் எழுதிச் சேர்த்தால் ஓராண்டில் எத்தனை வாசல்கள் திறக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சங்கச் செயலாளரிடம் இதுபற்றிப் பேசியிருக்கிறேன். வியாழக்கிழமை மாலைகளில் அறையைத் தர இசைந்திருக்கிறார்.

முதல் வியாழனன்று தம்பியும் நானும் மட்டுமே இருந்தோம். அவன் காளியனை அடக்கும் கண்ணனுக்குரிய பக்கத்தைத் தேடி எடுத்தான். தமிழ்ப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. எழுத்துக்கூட்டி ஒருமுறை சரிபார்த்துவிட்டு, 'காளிங்க நர்த்தனம்' என்று எழுதிச் சேர்த்தான். பிறகு முதல் பக்கத்திற்குத் திரும்பி, தேடற்பெட்டியில் அதே சொல்லை மீண்டும் எழுதிப் பார்த்தான்.

இம்முறை கண்ணன் வந்தான்.